ஒன்பது மீட்டர்

டீ வேண்டாம், மேடம். நாலு மணிக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் இந்தக் காகிதங்கள் பறக்காமல் இருக்கும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டுப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'தேதி சார்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குத் தெரியும். பிடிக்கவும் செய்யும். இருபத்தாறு வருட சர்வீசில் நான் கொடுத்த தேதி எதுவும் தவறியதில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, "உங்கப்பாகிட்ட சொல்லிடாதடா, தேதி குறிச்சு சுவத்துல ஒட்டிடுவாரு" என்று என் மனைவி மகனிடம் கேலி செய்வாள். அந்தப் பெருமையைத்தான் இந்த ஆற்றங்கரை வேலை வந்து குலைத்தது.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் ஊருக்குள் வராமல் ஆற்றின் இரு பக்கமும் கரை எழுப்ப வேண்டும். மூன்று வருடத்தில் முடிய வேண்டியது ஐந்தாம் வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. நிலம் எடுப்பதிலேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. இரும்பு விலை ஏறியது. ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நடந்த இடமே குளமாகக் கிடந்தது. செலவு மதிப்பீட்டை இரண்டு முறை திருத்தினோம். மூன்றாவது முறை திருத்துவதென்றால் கோப்பு மேல்மட்டக் குழுவுக்குப் போகும். அவர்கள் கூடி முடிவு சொல்லும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. குழு கூடுவதற்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். மழைக்கோ ஐந்து மாதம்தான் இருந்தது. திங்கள்கிழமைக் கூட்டங்களில் பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "என்ன தேதி சார், இந்த வாரம் என்ன தேதி?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

சிக்கல் வந்தது தென்கரையில், எங்கள் பணிமனையை ஒட்டிய எண்பது மீட்டர் நீளத்தில். கரையின் அடிவாரத்தில் பத்து மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மண்ணுக்குள் இறக்குவோம். ஒன்பது மீட்டர் உள்ளே போக வேண்டும். மிச்சம் ஒரு மீட்டர் வெளியே நிற்கும், அதைக் கான்கிரீட் போட்டு மூடுவோம். பூமிக்கு அடியில் ஊறிவரும் நீரை மறிப்பது அந்தத் தகடுதான். அது சரியாக இல்லையென்றால் மேலே கரையை எவ்வளவு உயர்த்தினாலும் ஒப்புக்குச் சப்பாணிதான். அந்த இடத்தில் ஆறு மீட்டருக்குக் கீழே உருண்டைக் கற்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. சம்மட்டி இயந்திரம் எவ்வளவு அடித்தும் தகடு இறங்கவில்லை. கல்லைத் துளைக்கிற இயந்திரம் வர வேண்டும், நாலு மாதம் ஆகும், செலவு எகிறும் என்று ஒப்பந்ததாரர் கையைப் பிசைந்தார். கற்களுக்கு நடுவே சந்து இருக்கும், அதில் தண்ணீர் தாராளமாக ஓடும் என்பது முதல் வருட மாணவனுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

தகடுகளை ஆறு மீட்டரோடு நிறுத்திவிட்டு, வெளியே ஒரு மீட்டரை விட்டு மிஞ்சிய மூன்று மீட்டரை வெட்டிவிடச் சொன்னேன். ஒப்பந்ததாரர் அதை எழுத்தில் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

என் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்பது மீட்டருக்காக வேலை நின்றால், மொத்தக் கரையும் அரைகுறையாக மழையைச் சந்திக்கும். ஊரே முழுகும். ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் அந்த எண்பது மீட்டருக்குப் பின்னால் தாழ்வான நிலத்தில் இருக்கிற அறுபது வீடுகள். யாராக இருந்தாலும் இப்படித்தான் முடிவெடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கற்கள் வடகரையில் கிடந்திருந்தால், ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் என் வீடும் இருக்கிற பக்கத்தில் கிடந்திருந்தால், நான் ஒரு தகட்டைக்கூட வெட்டியிருக்க மாட்டேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு குழுவின் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. ஒவ்வொரு தகட்டிலும் மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அடிமுனையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் எழுதியிருப்போம். தகடு இறங்கிய பிறகு மண்மட்டத்தில் எந்த எண் தெரிகிறதோ அதுதான் ஆழம். ஆய்வுக்கு வருகிறவர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார். ஆய்வு என்பது அவ்வளவுதான்.

அந்த எண்களை எழுதிய பெயிண்டரை எல்லோரும் 'நம்பர்' என்றுதான் கூப்பிடுவோம். எட்டு எழுதும்போது மட்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தூரிகையை எடுக்காமல் இரண்டு சுழியும் போட்டுவிடுவார். அந்த அறுபது வீடுகளில் மூன்றாவது அவருடையது. அவர் மனைவி பணிமனை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பார். நானும் சாப்பிட்டிருக்கிறேன். மகள் கல்லூரியில் முதல் வருடம், கணக்குப் பாடம். அவள் வாங்கிய மதிப்பெண்ணை என்னிடம் வந்து சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

அவரைக் கூப்பிட்டு, விதி மாறிவிட்டது, இனிமேல் ஆழத்தைக் கரையின் உச்சியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றேன். கரை மூன்று மீட்டர் உயரம், மண்ணுக்குள் ஆறு மீட்டர், ஆக ஒன்பது. மண்மட்டத்தில் தெரிகிற எண்ணை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதுங்கள், அதற்கு மேலே இருப்பதைப் பத்தாக்குங்கள் என்றேன். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"அப்ப உள்ள போனது, சார்? ஒன்பதுக்குக் கீழ அஞ்சுல்ல இருக்கும்?"

"அத யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நூற்று முப்பத்துமூன்று தகடுகள். மூன்று நாளில் முடித்தார். உங்கள் மேசையில் இருக்கிற புகைப்படத்தில், வெள்ளம் பிடுங்கிப் போட்ட தகட்டில், ஒன்பதுக்கு அடுத்து ஐந்து வருகிறது பாருங்கள். அதை வைத்துத்தான் எழுதியவர் குடித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று உங்கள் விசாரணை ஆட்கள் முடிவு கட்டினார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை.

வெட்டிய துண்டுகளை அந்த வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். வீட்டு வாசலில் ஓடுகிற சாக்கடையைத் தாண்டப் பலகை மாதிரி போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும் என்று நம்பர்தான் வந்து கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மண்ணுக்குள் இருக்க வேண்டிய மூன்று மீட்டர், வாசலுக்கு வாசல் படுத்துக் கிடந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஷூவில் சேறு படாமல் அதன் மேல்தான் நடந்து வந்து, ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனார்.

கரை சொன்ன தேதியில் முடிந்தது. மூன்றாவது திருத்தம் இல்லாமல் முடிந்தது. பெரிய அதிகாரி எழுந்து வந்து கைகுலுக்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த இயந்திரங்களைத் திருப்பி அனுப்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் கிரேனும் சம்மட்டி இயந்திரமும் மூன்று பம்புகளும் பணிமனையிலேயே நின்றன.

மழையின் நாலாம் நாள் ஆறு கரையின் முக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு நான் தனியாகத் தென்கரையின் உள்பக்கம் நடந்தேன். சாக்கடையில் ஓரிடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கரைக்கு அடியில் ஊறிவரும் நீர் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்; அதன் பிறகு அந்தக் கரைக்குச் சில மணி நேரம்தான் ஆயுசு. கையைக் குவித்து அள்ளிப் பார்த்தேன். செம்பழுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு உள்ளங்கையில் மணல் நின்றது.

முதலில் எனக்கு வந்த நினைப்பு கிரேன். வாடகை இயந்திரங்கள் முழுகினால் நஷ்டஈடு எங்கள் தலையில் விழும், மதிப்பீடு தாண்டும், குழு வந்து உட்காரும். அடுத்த நினைப்புதான் வீடுகள். கரை உடைந்தால் வரலாறு காணாத வெள்ளம் என்று சொல்லிவிடலாம். அப்படி வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்த கரைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உடைவதற்கு முன்பே அறுபது வீட்டு ஆட்களைக் கிளப்பி ஓடச் சொன்னால், மொத்தக் கரையில் இந்த எண்பது மீட்டர் மட்டும் உடையும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். இயந்திரங்களை நகர்த்துவதற்கு அந்தத் தொல்லை இல்லை. பராமரிப்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

லாரிகளை வரச் சொன்னேன். ஆள் பற்றவில்லை. அந்த வீடுகளிலிருந்தே நாலைந்து பேர் வந்து கைகொடுத்தார்கள், நம்பரும் வந்தார். பம்பைத் தூக்கி ஏற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் எடுக்கறீங்களே சார், நாங்களும் கிளம்பணுமா? பொண்ணு பயப்படுது."

"வேணாம் நம்பர். ஒன்பது மீட்டர் இறங்கியிருக்கு. நீங்களே உங்க கையால எழுதினதுதானே."

அவர் முகம் தெளிந்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பி, சார் சொல்லிவிட்டார், யாரும் அலைய வேண்டாம் என்று குரல் கொடுத்தார். மூட்டை கட்டிக்கொண்டு நின்ற இரண்டு மூன்று குடும்பங்கள் மூட்டையை உள்ளே எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். கடைசிப் பம்பை இறக்கிவைக்க ஆள் வேண்டுமென்று அவரை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால்தான் அவர் இருக்கிறார்.

மாலை ஐந்து இருபதுக்கு உடைந்தது. பத்தொன்பது பேர். அவர் மனைவியும் மகளும் அதில் உண்டு. நான் வீட்டுக்குப் போனபோது மனைவி துண்டை எடுத்துக் கொடுத்து, "உங்க கரை தாங்கிடுச்சாமே" என்றாள். அவளுக்குத் தெரிந்தது வடகரை மட்டும்தான். ஆமாம் என்றேன். தட்டில் சோற்றைப் போட்டாள், சாப்பிட்டேன்.

போன வாரம் நம்பர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். உங்கள் ஆட்கள் காட்டிய புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். உச்சிக் கணக்கு விதியைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒரு விதியே கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். தான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவேயில்லை, மேடம். சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"ஒங்க வாயால சொல்லுங்க சார். நான் தப்பா எழுதிட்டேனா? என் பொண்ணு அதனாலதான் போச்சா?"

"ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கலாம். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவர் போன பிறகு என் முகத்தையே பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மறுநாள் நம்பர் இங்கே வந்து, எல்லாம் தன் தப்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நேற்று அதன் நகல் என் மேசைக்கு வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அவர் நான் சொன்னதை எழுதினார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பதற்கு முன் இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். என் முதல் வாக்குமூலத்தில், ஆபத்து தெரிந்தபோது ஆட்களை வெளியேற்ற நேரம் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். இயந்திரங்களை ஏற்றவே இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த அறுபது வீடுகளிலும் இருந்தவர்களை, நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைகள் உட்பட, மேட்டுச் சாலைக்கு ஏற்றிவிட நாற்பது நிமிடம் போதும். இது பிறகு உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு இல்லை. அன்று பதினோரு மணிக்கு, கையில் அந்த மணல் ஈரத்தோடு, அங்கேயே நின்று போட்டது.