பனி ஆழம்: 3.1

உங்கள் காவல் நிலையத்து வாஃபிள் அப்பம் நன்றாக இருக்கிறது. பழுப்புப் பாலாடைக்கட்டியை இவ்வளவு மெல்லியதாகச் சீவ எல்லோருக்கும் வராது. ஒழுங்கானவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஸ்டூர்ஸ்கார் கணவாய்ச் சாலையை மூடும் நிரலை எழுதியவன் நான்தான். பனிச்சரிவு வரும்போல் இருந்தால், மேலே குடிலில் இருக்கும் கண்காணிப்பாளர் காற்றின் வேகம், மீட்டரில் பனி ஆழம் இரண்டையும் கணினிப் படிவத்தின் கட்டங்களில் இட்டு, ‘சாலையை மூடு’ பொத்தானை அழுத்த வேண்டும். கீழே தடுப்புக் கம்பம் இறங்கும்.

பொத்தானை அழுத்துவது நமக்கு ஒரு காரியம், கணினிக்கு இரண்டு. முதலில், இருக்கும் கட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். அப்புறம்தான் அழுத்துவது. வெளியே வரும் வாசலில் நான் ஒரு சோதனை வைத்திருந்தேன்: கட்டம் காலியாக இருந்தால் வெளியே விடாது. அழுத்தியது கணினிக்குத் தெரியவே தெரியாது.

குறிப்பிட்ட ஒரு பொத்தானுக்கு மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விலக்குத் தரலாம். ஒரே வரி. அது இருந்தது. இலையுதிர் காலத்தில் எடுத்துவிட்டேன்.

காரணம் குன்வோர். மலைமேல் அந்தக் குடிலில் இருபது குளிர்காலம் கழித்த அம்மாள். அவசரம் என்று ஆழத்தைக் காலியாக விட்டுச் சாலையை மூடிவிடுவார். எங்கள் இயக்குநர் ஷார்த்தான் ‘ஓட்டையற்ற தரவு’ என்று ஊர் ஊராகப் பேசி, கண்ணாடிக் கலைமான் ஒன்றைப் பரிசாக வாங்கியவர். கலைமானுக்குத் தனி விளக்குகூடப் போட்டிருந்தோம். காலிக் கட்டங்களை வைத்துக்கொண்டு அதன் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று பிற்பகல் அமைச்சகத்து ஆட்களுக்கு, குடிலிலிருந்து வரும் எண்களின் அட்டவணையைச் சுவரில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். குன்வோர் அழைத்தார்.

“எய்விந்த், பொத்தான் வேலை செய்யலப்பா. அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுபோச்சு.”

“ஆழம் போட்டீங்களா?”

“எதைப் பார்த்துப் போட? அளவுக் கம்பமே முழுகிடுச்சு. மேல பனி வெடிக்கிற சத்தம் கேக்குது. டொர்லைஃப்போட பஸ் வளைவுல ஏறிட்டிருக்கு, வெளிச்சம் தெரியுது. உன் கலைமானை அப்புறம் கொஞ்சிக்கலாம், இதைத் திறந்து விடு. கெஞ்சிக் கேக்குறேன்.”

எந்த எண்ணைப் போட்டாலும் சோதனை விட்டுவிடும். பூஜ்யம் போதும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஊகித்து எதையும் எழுதக் கூடாது என்று பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நடுக் குளிர்காலத்தில் பூஜ்யம் என்று சுவரில் வந்தால் அமைச்சகத்து ஆட்கள் சிரிப்பார்கள்.

“வெளிய போய்க் கோலை விட்டு அளந்துட்டு வந்து போடுங்க,” என்றேன்.

“அந்தச் சரிவுலயா? நீ மனுஷன்தானா?” என்றார். பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சரிவில் ஒரு கைவிளக்கு அங்குமிங்கும் ஆடியதைப் பார்த்துத்தான் டொர்லைஃப் பேருந்தை நிறுத்தினாராம். பேருந்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இதை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையைக் காப்பதுதானே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

மறுநாள் குடிலுக்குப் போனேன். படிவம் அப்படியே திறந்திருந்தது. காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மீட்புக் குழுப் பையனிடம், அவரைப் பனிக்கடியில் எவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னான். அளவுக்கோல் கையிலேயே இருந்தது என்றும் சொன்னான்.

3.1 என்று போட்டேன். பொத்தானை ஒருமுறைதான் அழுத்தினேன். கீழே தடுப்புக் கம்பம் இறங்கியது.

நிரலில் பிழை எதுவும் இல்லை.