சடைக்கு நெசவு முடிச்சு

விருதுநகர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர், பக்கத்தில் இருந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சட்டம் வந்தா என் மானம் போயிரும்."

"எந்தச் சட்டம்?"

"நெட்டுல பேரைச் சொல்லாம இனி யாரும் எழுதக் கூடாதாம். சட்டம் போடப் போறாகளாம்."

"நீங்க யாரைத் திட்டி எழுதுனீக?"

"திட்டல. ஒரு சந்தேகம் கேட்டேன்."

"ஆபரேஷனுக்கப்புறம் பொண்டாட்டியால கையத் தூக்க முடியல, சடை எப்படிப் பின்னிவிடுறதுன்னு கேட்டீகளே, அதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் நோவப் பத்தி நானும் அங்கதான படிக்கிறேன். பேரு போடல, ஊரு போடல. ஆனா 'நூலு அறுந்தா போடுற முடிச்சப் போட்டும் ரிப்பன் நிக்கல'ன்னு எழுதிருக்கீக. தறிக்காரரத் தவிர யாரு அப்படி எழுதுவா?"

"கூட தறி ஓட்டுறவனுக பாத்தா சிரிப்பானுக."

"சிரிக்கட்டும். சட்டம் வந்தா பேரைப் போடுங்க. என் பேரையும் சேத்துப் போடுங்க."

பாலவனத்தம் தாண்டியதும் அந்த அம்மா முதுகைத் திருப்பிக் காட்டினார். பஸ்ஸில் அத்தனை பேரும் பார்க்க, அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கணவர் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

விருதுநகரில் நான் இறங்கும்வரை அது அவிழவில்லை.