மூடியின் உட்புறம்

எனக்குக் கையால் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கோங்குரா பச்சடியைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடும்போது, எதிரே ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கும் டெல்லிக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டால் கைக்கு மரியாதை கிடையாது. ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்கிறவர்களுக்குக் கைதான் முதல் எதிரி.

விசாரணைக் குழுவில் வக்கீல் அம்மா இருப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் தோலிலும் வியர்வையிலும் ஒரு புரதம் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைக் கண்டால் துண்டு துண்டாக நறுக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் லேசில் சாகாது. அதனால் கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டோம். திறந்த குழாய்க்கு மேல் குனிந்து பேசக்கூட மாட்டோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. ப்ரணதிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் வாரங்கல்லிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஹைமாவதி மேடம் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவளுடைய அப்பாவுக்குத் தசைநோய். பிடித்த விரல்கள் பிரியாது.

"எங்கப்பா யாருக்காவது கை குடுத்தா சீக்கிரத்துல விடமாட்டாருக்கா. பாசக்கார மனுஷன்னு நெனச்சுக்குவாங்க. அவரும் அப்படியே சமாளிச்சு எலெக்ஷன்ல கூட நின்னுட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நோய் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். தலைமுறைக்குத் தலைமுறை மோசமாகும். தாயிடமிருந்து வந்தால் சில குழந்தைகள் பிறக்கும்போதே மூச்சுவிடத் திணறும். ப்ரணதி தனக்கு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளவில்லை. "மருந்து வரட்டும், அப்புறம் தெரிஞ்சுக்கிறேன்" என்பாள். அந்த மருந்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

இந்த நோயில் ஒரு ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறி நீண்டு, கொண்டை ஊசி மாதிரி மடங்கிக்கொள்கிறது. உடம்புக்குத் தேவையான ஒரு புரதம் போய் அதில் சிக்கிக்கொள்கிறது. நான் உருவாக்கிய மூலக்கூறு அந்த ஆர்.என்.ஏ.வின் மடிப்பில் போய் உட்கார்ந்து, புரதத்தை விடுவிக்கிறது. அப்படித்தான் நான் எழுதினேன். பெரிய இதழில் வந்தது. அந்தக் கட்டுரையை வைத்து எனக்கென்று தனி ஆய்வுக்குழு தருவதாகப் பேராசிரியர் சலபதி சொல்லியிருந்தார். பதினோரு வருடம் அடுத்தவர் குழுவில் இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நீங்கள் மூவரும் அறிவீர்கள்.

ப்ரணதி புதிய முறை ஒன்றைக் கையில் எடுத்தாள். என் மூலக்கூறோடு ஒரு கொக்கியை இணைத்தாள். ஒளி பட்டதும் அந்தக் கொக்கி, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். மூலக்கூறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். நல்ல யோசனை. முடிவை முதலில் என்னிடம்தான் காட்டினாள்.

"அக்கா, இது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கவே இல்ல. புரதத்தைப் பிடிக்குது. நான்தான் எங்கயாவது சொதப்பிட்டேனா?"

"ஒரு தடவ வந்ததை நம்பாத. திரும்பச் செஞ்சு பாரும்மா" என்றேன். எந்த மூத்த விஞ்ஞானியும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவள் சொதப்பவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. அவள் முடிவு சரி என்றால் என் கட்டுரை தவறு. பொறாமை ஏதும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. அன்று மதியம் சாப்பிட்டு வந்து, கை கழுவுவதற்கு முன்னால், அவள் பெயர் எழுதிய சின்னக் குழாய்களைத் திறந்து ஒவ்வொரு மூடியின் உட்புறத்தையும் விரலால் தொட்டு மூடினேன். வேறு எதுவும் செய்யவில்லை. விஷம் கலக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. எல்லோரும் நாளெல்லாம் நூறு இடத்தைத் தொடுகிறோம்.

முழுசான ஆர்.என்.ஏ. சோதனையில் ஒரு கோடாகத் தெரியும். சிதைந்தது, கரும்பலகையில் சாக்பீஸ் கோட்டைக் கையால் தேய்த்த மாதிரி இழுவும். ப்ரணதிக்கு இழுவியது. அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்தாள். புதியவற்றையும் தொட்டேன். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

"ப்ரணதி, உன் ஆர்.என்.ஏ. நம்ம உஸ்மானியா பிஸ்கட்டுக்குத் தங்கச்சியா? தொட்டாலே உதிருதே" என்று எங்கள் குழுவில் இருக்கும் இம்தியாஸ் கிண்டல் செய்வான். ஆரம்பத்தில் அவளும் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதே தண்ணீர், அதே மேசை, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மட்டும் ஏன் என்று அவளே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

அப்போது அவள் வயிற்றில் குழந்தை. மூன்று மாதம் முடிந்திருந்தது. கணவன் வம்சி தினமும் மாதுளம்பழம் உரித்து டப்பாவில் போட்டு அனுப்புவான்.

ஒருநாள் அவள் பிப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் துளி துளியாக அளந்து விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஏம்மா, உன் கட்டைவிரல் கொஞ்சம் லேட்டா விடுதோ?" என்று கேட்டேன்.

அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். அவள் விரல் சரியாகத்தான் விட்டது. பார்த்ததைச் சொல்லவில்லை, சும்மா கேட்டேன் அவ்வளவுதான். கேள்வி கேட்பது விஞ்ஞானத்தில் குற்றமில்லை. "எதுக்கும் டெஸ்ட் பண்ணிக்க. தெரிஞ்சிக்கிறது நல்லதுதானே" என்றும் சொன்னேன். நல்ல யோசனைதான் அது. அந்த வாரமே அவள் ரத்தம் கொடுத்தாள். பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

முடிவு நன்றாகவே வந்தது. நோய் அவளுக்கு இல்லை. எத்தனையோ வருடமாகத் தூக்கிச் சுமந்த பயம் தீர்ந்தது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பரிசோதித்தே இருக்க மாட்டாள் என்பதைக் குழு தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் திரும்பி வந்தபோது மெலிந்திருந்தாள். கை நன்றாக இருக்கிறது என்றால் சிதைவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும், இல்லையா? ஒரே ஆர்.என்.ஏ.வை இரண்டாகப் பிரித்தாள். பாதியைத் தன் பெயரிலும் பாதியை இம்தியாஸ் பெயரிலும் ஒரே பெட்டியில் வைத்தாள். அவள் பெயர் இருந்தவை மட்டும் இழுவின. பிழையில்லாத ஒப்பீட்டுச் சோதனை. செய்த வேலைக்குப் பக்கத்தில் செய்யாததையும் வைத்துப் பார் என்று நான் சொல்லிக்கொடுத்ததுதான். பேராசிரியர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டதும், நான்தான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

குழாய்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கேட்காத ஒன்று இருக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ப்ரணதி எனக்கு ஃபோன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்கறாங்க. வம்சியும் அதையேதான் சொல்றான். என்னால முடியலக்கா. உள்ள நாளுக்கு நாள் வளருது. அசைய ஆரம்பிச்சிடுச்சுன்னா அப்புறம் எனக்கு மனசு வராது. எனக்கு இருந்தா, அதுக்கு என்னைவிட மோசமா இருக்குமேக்கா."

நான் ஒரு துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டேன்.

"நீங்க என் கையைக் கிட்ட நின்னு பார்த்தவங்க. உங்களைத்தான் நம்பறேன். சொல்லுங்க, என் கை போயிடுச்சா?"

அவள் குழாய்கள் எதனால் கெட்டன என்று உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். 'உன் கைக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"உன் உடம்பு, உன் குழந்தை. நான் எப்படிம்மா சொல்றது?" என்றேன்.

மறுநாள் அவள் வம்சியிடம்கூடச் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்வந்தாள். பரிசோதனை முடிவு அதற்கு அடுத்த வாரம் வந்தது.

அதற்கும் நான்தான் காரணம் என்று வம்சி உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது முழுக்க முழுக்க அவள் எடுத்த முடிவு. பிறர் முடிவில் நான் ஒருபோதும் தலையிடுவதில்லை.