கப்பலின் சுருதி

எங்கள் தீவில் கராச்சர்மா போகும் பஸ்ஸில், மழையில் பிரேக் பிடிக்குமா என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

“வாசிச்சதை அவ மறுபடி அதே மாதிரி வாசிக்கவே மாட்டாக்கா. ஜாஸ் சங்கீதம்னா அப்படித்தானாம்.”

“யாரு, சாக்ஸபோன் ஊதுற உன் நாத்தனாரா?”

“ஆமா. போன வாரம் மின்னி பே கடற்கரையில முதல் கச்சேரி. நடுவுல மெயின்லேண்ட் கப்பல் ஊதிருச்சு. ஊர்லேருந்து ஆள் வந்தாச்சுன்னு பாதிப் பேர் எந்திரிச்சுட்டாங்க.”

“அரே! அழுதுட்டாளா?”

“எங்கேக்கா அழுதா? கப்பல் ஊதின அதே சுருதியைப் பிடிச்சு இவளும் ஊதினா. மெதுவா, தூக்கத்துல கடல் மூச்சு விடுற மாதிரி. செருப்பு மாட்டினவங்க அப்படியே நின்னாங்க. ஆனாலும் கடைசியில ஆறு பேர்தான்.”

“ம்.”

“நாளைக்கு ரெண்டாவது கச்சேரிக்கும் ஆள் வரலைன்னா விட்டுடுவேன்னு சொல்றா. நீங்க வாங்கக்கா.”

“எனக்கு அதெல்லாம் புரியாதேடி.”

“எனக்கு மட்டும் புரியுதா? கேட்டா உடம்பே மிதக்குது, அவ்வளவுதான்.”

அக்கா ஜன்னல் வழியே துறைமுகப் பக்கம் கை காட்டிச் சொன்னார்:

“எங்க வீட்டுக்காரர் ஹேடோ துறைமுகத்துல சரக்கு இறக்குறாரில்ல, அவர் ஆளுங்க பதினஞ்சு பேரையும் பக்கா கூட்டிட்டு வர்றேன். தினமும் கேட்டுப் பழகினதால கப்பல் ஊதினா எந்திரிக்காத ஆளுங்க இந்த ஊர்லயே அவங்கதான்.”