போனெக்காவுக்கு வயிற்றுவலி

பெல்மீரு: ...இல்ல டாக்டரே, இடது பக்கம். இடது பக்கம்தான் கல்லு மாதிரி இருக்கு. நல்லா அமுக்கிப் பாருங்க.

தியோகு: அமுக்கிட்டேன் மாமா. மெத்துமெத்துன்னு இருக்கு.

பெல்மீரு: இப்ப இருக்கும். காலையில நீங்க பாத்திருக்கணும். என் மாடு போனெக்கா கத்துன கத்து இருக்கே...

தியோகு: போன்ல அது முனகுறதுதான கேட்டுச்சு.

பெல்மீரு: முனகி முனகித்தான் கத்துச்சு.

தியோகு: தீனி?

பெல்மீரு: தொடல. நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல.

தியோகு: சாணி?

பெல்மீரு: அதுவும் இல்ல. சுத்தமா இல்ல.

தியோகு: அப்ப நான் எதை மிதிச்சுட்டு நிக்கிறேன்?

பெல்மீரு: ...அது பக்கத்து மாட்டோடது.

தியோகு: பக்கத்துல மாடே இல்லையே.

பெல்மீரு: காலையில இருந்துச்சு. மேய விட்டிருக்கேன்.

தியோகு: சரி, நகருங்க. பின்னாடி கை விட்டுப் பாக்குறேன்.

பெல்மீரு: பாருங்க, பாருங்க. அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க... ஆமா, மணி என்ன இருக்கும்?

தியோகு: பன்னெண்டு ஆகப் போகுது.

பெல்மீரு: லிஸ்பனுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் இல்ல?

தியோகு: ஒரு மணி நேரம் போதும். வழியில ட்ராக்டர் எதுவும் குறுக்க வராம இருந்தா.

பெல்மீரு: வெள்ளிக்கிழமை வேற. பாலத்துல வண்டி நகராது. மூணு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருக்கணும்னு எம்புள்ள தொமே சொன்னான், அதான் கேட்டேன். சும்மா.

தியோகு: மொத்த ரக்பி டீமும் அங்க வந்தாச்சு. என்னைத் தவிர.

பெல்மீரு: அய்யோ பாவம். நாட்டுக்கு ஆடுற மனுஷன், ஜார்ஜியாவுக்குப் பிளேன் ஏற வேண்டியவரு, இப்படி என் மாட்டுக் கொட்டாய்ல... எனக்கே சங்கடமா இருக்கு டாக்டரே. என்ன பண்றது, வாயில்லா ஜீவன்.

தியோகு: அந்த வாயில்லா ஜீவன் வாய் ஓயாம மெல்லுதே மாமா.

பெல்மீரு: வலியில பல்லைக் கடிக்குது.

தியோகு: ஓ.

பெல்மீரு: ஞாயித்துக்கிழமை ஜெயிச்சா உலகக் கோப்பை, இல்ல?

தியோகு: ஜெயிச்சா உலகக் கோப்பையில ஆடலாம். தோத்தா நாலு வருஷம் வீட்டுல உக்காந்து அடுத்தவன் ஆடுறதப் பாக்கணும். எனக்கு இப்பவே முப்பத்தி நாலு.

பெல்மீரு: ச்சே. ஒருவேளை... சொல்லக்கூடாது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்... உங்களால போக முடியலேன்னா, ஸ்கிரம்ல தோளோட தோள் முட்டித் தள்ளும்போது உங்க எடத்துல யாரு நிப்பா?

தியோகு: முன்வரிசையில நடுவுல நிக்கத் தெரிஞ்சவங்க டீம்ல ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு உங்க மகன்.

பெல்மீரு: நம்ம தொமேயா? அட, எனக்கு அது தோணவே இல்ல பாருங்க.

தியோகு: தோணவே இல்ல?

பெல்மீரு: சத்தியமா. மாட்டு நெனப்புதான் மனசு பூரா.

தியோகு: வாலைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிங்க மாமா, மூஞ்சியில அடிக்குது.

பெல்மீரு: பிடிச்சுட்டேன். அதென்ன, இடது கையை விடுறீங்க? போன தடவை வலது கையைத்தான விட்டீங்க?

தியோகு: இந்த மாட்டுக்கு இடது கைதான் சரிப்படும்.

பெல்மீரு: அப்படிக்கூட இருக்கா... அப்ப வலது கையில எதுக்கு உறை?

தியோகு: குளுரு.

பெல்மீரு: எனக்கு வேர்க்குது.

தியோகு: உங்களுக்கு ஏன் மாமா வேர்க்குது?

பெல்மீரு: ...மாட்டுக் கவலைதான். அதை விடுங்க. நானும் ஒரு காலத்துல அந்த டீம்ல இருந்தவன். உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?

தியோகு: நம்ம ஊரு மொண்டெமோர்ல அது தெரியாத ஆளு யாரு?

பெல்மீரு: ஆடினேன்னு சொல்றாங்களா, இருந்தேன்னு சொல்றாங்களா?

தியோகு: ...இருந்தீங்கன்னு.

பெல்மீரு: அதான பாத்தேன். அப்ப நான் காளை பிடிக்கிற கோஷ்டியில இருக்கேன். வெறுங்கை. காளை பாஞ்சு வந்தா கொம்புக்கு நடுவுல வயித்தைக் குடுத்துக் கட்டிப் பிடிக்கணும். லிஸ்பன்லேர்ந்து ஒரு பெரிய மனுஷன் வந்து பாத்தாரு. இவன் காளைக்கே பயப்படல, ருமேனியாக்காரனுக்கா பயப்படப் போறான்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டாரு.

தியோகு: பிளேன்லயா?

பெல்மீரு: பிளேனா? மூணு நாள் ரயிலு. மூட்டையில ரொட்டி, ஜாடியில ஆலிவ் காய். சட்டை மொத்தமே பதினஞ்சு. மாத்து ஆளுக்குச் சட்டையே கெடையாது. எவனுக்காவது எலும்பு ஒடிஞ்சா, அவன் சட்டையைக் கழட்டி நான் மாட்டிக்கிட்டு எறங்கணும்.

தியோகு: எவனுக்கும் ஒடியலையாக்கும்.

பெல்மீரு: எல்லாவனுக்கும் ஒடிஞ்சுது. நான் எந்த எடத்துக்கு மாத்தா போனேனோ அந்த ஆளுக்கு மட்டும் ஒடியல. கோயிம்ப்ராவுல மருந்துக்கடை வெச்சிருந்தாரு. கழுத்தே கெடையாது, தலை நேரா தோள்ல உக்காந்திருக்கும். எட்டு ருமேனியாக்காரனுங்க ஏறி மிதிச்சானுங்க. மனுஷன் எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாருங்க...

தியோகு: எத்தனை புள்ளியில தோத்தீங்க?

பெல்மீரு: அதெல்லாம் யாரு எண்ணுனா. நாங்க ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை வெச்சோம். அதுக்கே திரும்பி வர்ற மூணு நாளும் ரயில்ல பாட்டு. ஜெயிச்சவனுங்ககூட அப்படிப் பாடியிருக்க மாட்டானுங்க.

தியோகு: இப்ப மட்டும் என்ன வாழுதாம். எங்க கேப்டன் பல் டாக்டரு. ஓரத்துல ஓடுறவன் வரி வக்கீல். நான் மாட்டு டாக்டரு. எதிராளி பல்லை ஒடைப்போம், நாங்களே கட்டி விடுவோம், கேஸ் போட்டா நாங்களே வாதாடுவோம்.

பெல்மீரு: கேளுங்க, கதை இன்னும் முடியல. அடுத்த வருஷம் ஸ்பெயின். அதே மருந்துக்கடை. அதுக்கு அடுத்தது மொரோக்கோ. அன்னிக்கு அவருக்கு அனலாக் காயுது. நான் ஷூ லேஸைக்கூடக் கட்டி முடிச்சுட்டேன்.

தியோகு: அப்புறம்?

பெல்மீரு: கடை மாத்திரையை நாலா முழுங்கிட்டு எறங்கிட்டாரு.

தியோகு: அட கொடுமையே.

பெல்மீரு: ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்குவேன் டாக்டரே.

தியோகு: நம்ம டீம் ஜெயிக்கணும்னா?

பெல்மீரு: அவரு கால் ஒடியணும்னு.

தியோகு: சிரிக்க வெக்காதீங்க மாமா, கை உள்ள இருக்கு... போன் அடிக்குது பாருங்க. என் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் காதுல வைங்க.

பெல்மீரு: இந்தாங்க. கேப்டன் பேரு வருது.

தியோகு: சொல்லு சால்வடோர்... இல்ல, இன்னும் கெளம்பல... மாடு... மாடுடா. பேரு போனெக்கா... மூணு மணின்னு எனக்கும் தெரியும்... கையா? கைக்கு என்ன? மாட்டுக்குள்ள இருக்கு... நீ கத்தாத, மாடு மெரளுது... தொமே பையன் என்ன பண்றான்?... பெட்டி மேல உக்காந்து சான்ட்விச் தின்னுறானா... நல்லாத் தின்னட்டும்... எதுக்கு சிரிக்கிறனா? ஒண்ணுமில்ல. வெக்கிறேன்.

பெல்மீரு: கைக்கு என்னன்னு எதுக்குக் கேட்டாரு?

தியோகு: புதன்கிழமை பயிற்சிக்குப் போகல, அதான். இன்னொரு தடவை வாலைப் பிடிங்க.

எர்மீனியா: காபி கொண்டாந்தேன்... ஐயய்ய, டாக்டர் தம்பி, நீங்க இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா? பிளேன் போயிடாதா?

தியோகு: மாட்டுக்கு முடியலயாம் அத்தை.

எர்மீனியா: எந்த மாட்டுக்கு?

பெல்மீரு: எர்மீனியா, நீ உள்ள போ, நான் அப்புறம்...

தியோகு: போனெக்காவுக்கு.

எர்மீனியா: போனெக்காவுக்கா? காலையில ஒரு கூடை முட்டைக்கோஸ் எலையைத் தின்னுச்சே. பத்தலன்னு என் ஏப்ரனையும் இழுத்துச்சே.

தியோகு: பச்சத் தண்ணி பல்லுல படலேன்னீங்களே மாமா.

பெல்மீரு: முட்டைக்கோஸ் என்ன தண்ணியா?

எர்மீனியா: ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? தம்பி, நீங்க மொதல்ல கெளம்புங்க. நீங்க போகலேன்னா என் புள்ளையைல்ல அந்த ஜார்ஜியாக்காரனுங்களுக்கு நடுவுல நிறுத்துவாங்க. டிவில பாத்தேன், ஒருத்தன் தோளு நம்ம ரொட்டி அடுப்பு அகலத்துக்கு இருக்கு. எனக்கு ஈரக்கொல நடுங்குது. தொமே பெஞ்சுல உக்காந்து கை தட்டிட்டு, பத்திரமா வீடு வந்து சேந்தாப் போதும்.

பெல்மீரு: பெஞ்சுல உக்காரவா நான் பெத்தேன்?

எர்மீனியா: பெத்தது நானு.

தியோகு: அது சரிதான் மாமா.

எர்மீனியா: நான் போய் வேனை வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். ரொட்டிக்குள்ள சொரீசு சாசேஜ் வெச்சுக் கட்டித் தரேன், வழியில தின்னுங்க. காபியை வாங்கிக்குங்க தம்பி... உறையைக் கழட்டிட்டு வாங்குங்க.

தியோகு: அந்தக் கட்டை மேல வெச்சுட்டுப் போங்க அத்தை. ஆறட்டும்.

எர்மீனியா: கூத்தால்ல இருக்கு. சீக்கிரம் வாங்க.

பெல்மீரு: ...டாக்டரே.

தியோகு: ம்.

பெல்மீரு: ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

தியோகு: சொல்லுங்க.

பெல்மீரு: மாட்டுக்கு ஒண்ணும் இல்ல.

தியோகு: அப்படியா.

பெல்மீரு: தொமே நேத்து போன் பண்ணான். "சும்மா போயிட்டு வரேன்பா"ன்னான். அந்தச் சும்மாதான் டாக்டரே, என்னைத் தூங்க விடல. சும்மா போயிட்டு சும்மா வந்தவன் நான். ஊரே நல்லவிதமாத்தான் பேசுது, ஆனா ஆடினேன்னு ஒருத்தன் சொல்றதில்ல. எம்புள்ளைக்கும் அதே கதியான்னு மனசு ஒடைஞ்சுபோச்சு. காலையில எழுந்து உங்களுக்குப் போன் போட்டுட்டேன். போட்டு வெச்சதுமே வெக்கமாப் போச்சு. உங்களுக்கு இதை விட்டா வேற உலகக் கோப்பை ஏது? கெளம்புங்க. நானே ஓட்டுறேன். பாலத்துல ஹாரன் அடிச்சு வழி வாங்குறேன்.

தியோகு: ஷ்... இருங்க மாமா, கையை எடுத்துட்டு முன்பக்கம் வந்து காதை வெக்கிறேன். என்னமோ சத்தம் கேக்குது.

பெல்மீரு: எர்மீனியா வேனை எடுக்குறா.

தியோகு: இல்ல, உள்ள. வயித்துக்குள்ள. கடாமுடான்னு.

பெல்மீரு: முட்டைக்கோஸா இருக்கும்.

தியோகு: எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. இப்பப் போட்டுட்டுப் போறது சரியில்ல. சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாக்கணும்.

பெல்மீரு: டாக்டரே, நான்தான் பொய்னு சொல்லிட்டேனே.

தியோகு: நீங்க பொய் சொல்லுவீங்க. மாடு சொல்லாது.

பெல்மீரு: அது இப்ப உங்க சட்டைக் காலரைத் தின்னுது.

தியோகு: அதுவும் ஒரு அறிகுறிதான்.

பெல்மீரு: என் காதுல பூ சுத்தாதீங்க. நல்லா இருக்குற மாட்டை வெச்சுக்கிட்டு... கையைக் குடுங்க, வாங்க போலாம். இப்படி...

தியோகு: ஆ... ஆ... விடுங்க, விடுங்க மாமா...

பெல்மீரு: லேசாத்தான தொட்டேன். அந்த உறையைக் கழட்டுங்க.

தியோகு: வேணாம்.

பெல்மீரு: கழட்டுங்கன்னா... அட கடவுளே. சொரீசு மாதிரில்ல வீங்கியிருக்கு. ரெண்டு வெரலா?

தியோகு: ரெண்டு. செவ்வாய்க்கிழமை. ஒரு பண்ணையில கன்னுக்குட்டி என்னைக் கதவோட சேத்து நெருக்கிருச்சு.

பெல்மீரு: பந்து கோட்டுக்கு வெளிய போனா நீங்கதான உள்ள எறியணும், இந்தக் கையை வெச்சு முடியுமா?

தியோகு: காபி கப்பையே பிடிக்க முடியல. எறிஞ்சா நேரா ஜார்ஜியாக்காரன் கையில போய் விழும்.

பெல்மீரு: கேப்டன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? இதுல என்ன வெக்கம்?

தியோகு: வெக்கம் இல்ல மாமா, ஆசை. தெனம் போனைக் கையில எடுப்பேன், வாயில வராது. பன்னெண்டு வருஷமா ஆடுறேன். சொல்லிட்டேன்னா முடிஞ்சுது. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா ஏர்போர்ட்டுக்குப் போனா நிச்சயம் சொல்ல மாட்டேன். சட்டையை நீட்டுவாங்க, வாங்கி மாட்டிக்குவேன். உங்க மருந்துக்கடைக்காரர் மாதிரி எதையாவது முழுங்கிட்டு எறங்கிடுவேன். என் ஆசைக்கு ஒரு நாடே வீட்டுல உக்காரணும். தொமே என்னைவிட நல்லா எறியறான், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் வர மாட்டேங்குது.

பெல்மீரு: ...எர்மீனியா ஹாரன் அடிக்கிறா.

தியோகு: அடிக்கட்டும். கேப்டனுக்குப் போன் போட்டு என் காதுல வைங்க. சீக்கிரம், மனசு மாறுறதுக்குள்ள.

பெல்மீரு: போட்டுட்டேன். அடிக்குது.

தியோகு: சால்வடோர்... நான் வரல... மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான். கை ஒடிஞ்சு மூணு நாளாச்சு... திட்டு, நல்லாத் திட்டு... திட்டி முடிச்சிட்டியா? என் சட்டையைப் பையன்கிட்டக் குடு. பெருசா இருந்தா உள்ள மடிச்சுவிடச் சொல்லு... ஆமாடா, அழுவுறேன். சிரிக்கவும் செய்யிறேன். மாடு என் சட்டையைத் தின்னுது... வை.

பெல்மீரு: டாக்டரே... எர்மீனியா என்னைக் கொல்லப் போறா. அது போகட்டும்... நான் பொய் சொல்லி உங்களை இங்க இழுக்காம இருந்திருந்தா, இந்நேரம் நீங்க ஏர்போர்ட்லதான இருந்திருப்பீங்க?

தியோகு: நீங்க எங்க இழுத்தீங்க? காலையில மூணு பண்ணையிலேர்ந்து கூப்பிட்டாங்க மாமா. மத்த ரெண்டும் நெஜ நோவு, அங்க என் கூட்டாளியை அனுப்பிட்டேன். நெஜ நோவுன்னா அரை மணியில ஊசி போட்டுட்டு நான் லிஸ்பனுக்குக் கெளம்பியிருப்பேன். போன்ல உங்க மாடு முனகுச்சே, அது உங்க குரல்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இல்லாத நோவை எந்த டாக்டராலயும் சட்டுனு தீத்துட்டுப் போக முடியாதுன்னுதான் இங்க ஓடி வந்தேன்.