ஆடி முடிக்கட்டும்

என் வீட்டுக்காரருக்கு இடது காது மந்தம், மேடம். டிவியைச் சத்தமாக வைத்தால்தான் அவருக்குப் பார்த்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு வடிவாம்பாளுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். ஒரு நாள் மாடியில் துணி எடுக்கும்போது, "இன்னா சுகுமாரி, சாயந்திரமானா உங்க வீட்ல ஒரே அரபிப் பாட்டா கேக்குது?" என்றாள். வெளிநாட்டு நியூஸ் ஏதோ பார்க்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். "ஒரு பொண்ணு வயித்த ஆட்டிக்கினு ஆடுது. அத்தப் பாத்துக்கினே இருக்காரு மனுஷன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, அரிசிக் கடையைத் தன் அண்ணன் மகன் அபிஷேக்கிடம் விட்டுவிட்டு அவர் வீட்டோடு இருந்தார். யூடியூபில் பெல்லி டான்ஸ் பார்ப்பதுதான் வேலை. எல்லாம் ஏதோ ஓட்டலில் எடுத்த வீடியோக்கள். பாட்டுக்கு நடுவே தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம் கேட்கும். முகத்தில் பாதியை மெல்லிய துணியால் மூடிய ஒரு பெண். தோள் அசையாது, இடுப்பு மட்டும் தனியாகப் பேசும். அவள் குனிந்து வணக்கம் சொல்லும் இடம் வந்தால் இவர் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் பார்ப்பார்.

காலையில் ஸ்டேஷனில் நான் என்ன சொன்னேனோ அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பேரன் எடுக்க வேண்டிய வயதில் அரைகுறைத் துணியோடு ஆடுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதன்மேல் அருவருப்பு, அந்தக் கோபத்தில் மாத்திரை கொடுக்கவில்லை என்று. கேட்கிறவர்களுக்கு அது போதும். எங்கள் உறவுக்காரர்களில் பாதிப் பேர், பாவம் அவளும் என்ன செய்வாள் என்றுகூடச் சொல்வார்கள்.

எனக்குக் கொல்லுகிற வழக்கம் கிடையாது. நாங்கள் ஜைனர்கள். சர்க்கரையில் எறும்பு ஏறினால் தட்டில் கொட்டி வெயிலில் வைத்துவிட்டு, அதுவாகப் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவரை நான் தொடக்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த டிவிப் பெண் எங்கள் மகள் மோனிஷா.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள். உடம்பு இளைக்க என்று சொல்லி அந்த டான்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். பிறகு வேலை மாறி துபாய்க்குப் போவதாகச் சொன்னாள். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. ஆதீஷ் என்று ஒரு பையனைப் பேசி முடித்திருந்தோம், நல்ல குடும்பம். கல்யாணத்துக்குப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அவள் ஓட்டலில் ஆடுகிற வீடியோ ஒன்று வந்தது. அன்று சாயந்திரமே மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, வேண்டாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நீயே சொல்லிடுமா. எனக்கு வாய் வராது" என்றார்.

நான் மோனிஷாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இனிமே என்ன அம்மான்னு கூப்புடாத. உனக்கு அம்மா இல்ல, போ." அவர் என் பக்கத்தில்தான் நின்றார். போனை வைத்ததும் தண்ணீர் கேட்டார், குடித்தார், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாய் என்னுடையது. எண்ணம் இரண்டு பேருடையதும்.

மோனிஷா சொன்ன சொல்லைக் கேட்கிற பெண். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இந்தச் சொல்லைக் கேட்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். கோபத்தில் சொன்ன சொல்லை எந்தப் பிள்ளை மதிக்கிறது? பழைய செல்போன் கெட்டுப்போனபோது கடைக்காரன் புது நம்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னான். அதே நம்பர்தான் வேண்டும் என்று அவன் கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிவியில் அவளை முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை மூடினால் என்ன, பேரை மாற்றிக்கொண்டால் என்ன. ஒரு பெரிய சுற்று சுற்றி நின்றதும் அந்தத் துணி உள்பக்கமாகக் கொஞ்சம் இழுபடும். கீழுதட்டைக் கடிக்கிறாள் என்று அர்த்தம். பல் முளைத்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். தெரியாதவளைப் போல நான் கடுகு தாளிக்கப் போய்விட்டேன்.

அவர் அவளோடு பேசுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டென்ட் வைத்த சமயத்தில் யாரோ சொல்லி, அவள் அவருக்குப் போன் செய்திருக்கிறாள். அதிலிருந்து, ஆடியதை எல்லாம் அவருக்கு அனுப்புவாள். இவர் டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார். காது மந்தம் இல்லையா, ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். "இந்த வாட்டி கை நல்லா வந்துச்சு பாப்பா" என்பார். அவள் சிரிப்பாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, நடந்தாயா என்று அவரை எல்லாம் கேட்பாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று போனை வைக்கும்வரை நிற்பேன். அது வரவில்லை. அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்ல அப்பாவாக ஆகிவிட்டார். வெளியே போகச் சொன்னவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே தோசை சுட்டு எடுத்துப் போனேன். பொழுது சாய்ந்தால் நாங்கள் சாப்பிட மாட்டோம். டிவியில் புது வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "சுகு, பாப்பா அடுத்த வாரம் வருது. என்னப் பாக்க" என்றார்.

தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "என்னப் பத்தி எதுனா கேட்டுச்சா?"

தோசையில் ஒரு துண்டு பிய்த்தார். பிறகு, "நீதானம்மா அத்தப் போவச் சொன்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிறவரைப் போலச் சொன்னார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "சுகு, மாரு அடைக்குது. அந்த மாத்திரய எடும்மா" என்றார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அலமாரியில், என் தோளுக்கு நேராக இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இரு, நம்ம பொண்ணு ஆடி முடிக்கட்டும்" என்றேன்.

ஆடுவது யார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை மாத்திரை என்றார், குரல் வரவில்லை. பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவள் ஆடிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நன்றாக ஆடினாள், மேடம். அதை அவளிடம் சொல்ல வேண்டும்.

அவருடைய செல்போன் போர்வைக்குள் கிடந்ததும், அவள் லைனிலேயே இருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. அபிஷேக் வந்தான், டாக்டர் வந்தார், நான் அடுப்படியில் இருந்தேன் என்று சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். மோனிஷா விமானம் ஏறி வந்தாள், அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள், அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள். நான் சொன்ன வார்த்தை அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் போனில் கத்தியதாகச் சொல்கிறாள். டிவி சத்தத்தில் என் காதில் எதுவும் விழவில்லை என்று காலையில் சொன்னேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. டிவியை நானே அணைத்தேன். அப்போதும் அவருக்கு மூச்சு இருந்தது. மாத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதாவது ஏன் எழுந்திருக்கவில்லை?

எதுவும் காதில் விழவில்லை என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள். விழுந்தது. போர்வைக்குள்ளிருந்து வந்தது. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் டிவியை அணைத்தேன். "அம்மா, மாத்திரயக் குடும்மா. அம்மா, அம்மா." எத்தனை வருஷம் கழித்து.

மாத்திரையைக் கொடுத்திருந்தால் அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பாள்.