எடைமேடைக் கம்ப்யூட்டர்

— உன் கீபோர்டைத் தொடவே குமட்டுது மார்லிஸ். இது என்ன, வெண்ணெயா?

— பெரோகிக் கொழுக்கட்டையோட வெண்ணெய். அறுவடைக் காலத்துல உக்காந்து சாப்பிட எனக்கு வேற மேசை ஏது? அதை விடுங்க டெல்மர். வெளியில பதினோரு லாரி கனோலா எண்ணெய் விதையோட நிக்குது. எடை போடாம ஒருத்தனும் இறக்க முடியாது.

— டப்பாவைத் திறந்தா ஒரு கை தூசி. தூசிக்குள்ள எலிப்புழுக்கை. இதுல ஒரு கம்ப்யூட்டர் ஓடியிருக்குன்னா அதுக்கு மெடல் குடுக்கணும்.

— நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சே. சாஸ்கட்டூன்லேர்ந்து ஆள் வர நாளாகும். ஊர்ல வயர் வேலைக்கும் நீங்கதான், இதுக்கும் நீங்கதான். பாத்துச் சொல்லுங்க.

— என்ன ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு.

— காலையில ஆன் பண்ணினேன். எப்பவும்போல ரெண்டு வரி வந்துச்சு, புது விண்டோஸா பழைய விண்டோஸான்னு. பழசைத் தொட்டா நீலத் திரை, அதோட சரி. புதுசு நல்லா வருது. ஆனா எடை புரோகிராம் அதுல ஓடாது.

— எப்படி ஓடும்? பன்னெண்டு வருஷத்துப் புரோகிராம். புதுசு வாங்க உன் மேனேஜருக்கு மனசு வரல. பழைய விண்டோஸை மொத்தமா ஒரே ஃபைலுக்குள்ள அடைச்சு வச்சிருக்கான் எவனோ. வர்ச்சுவல் டிஸ்க். டிஸ்க்குக்குள்ள ஒரு பொய் டிஸ்க். சகிக்கல.

— எவனோ இல்ல, மேனேஜரேதான் பண்ணினார். கைவேலைக்காரர்னு பெருமை வேற. அந்த ஃபைல் கெட்டுப்போச்சா?

— இல்ல, நல்லாத்தான் இருக்கு. நாப்பது ஜிபி. ஆனா அதுலேர்ந்து ஆரம்பிக்கறப்ப முழு அளவுக்கு ஊதும், நூத்தியிருபதுக்கு. அவ்வளவு இடம் நிஜ டிஸ்க்ல காலியா இருக்கணும். இல்லேன்னா நீலத் திரைதான். இப்ப காலி வெறும் ஒம்பது.

— இடத்தை எது தின்னுச்சு? நான் ஒண்ணும் வைக்கலையே.

— பாக்கறேன் இரு. இதோ, 'விதை மாதிரி'ன்னு ஒரு ஃபோல்டர். முன்னூறு ஜிபி. வெண்டல் பேர்ல. நேத்து ராத்திரிதான் இதுல ஏத்தியிருக்கு.

— மேனேஜர் பேர்லயா? விதை மாதிரியெல்லாம் பின்னாடி அலமாரியில பையில கிடக்கு. அதுக்கு எதுக்கு முன்னூறு? திறங்க.

— எல்லாம் வீடியோ... சரி, விடு.

— ஏன் மூடிட்டீங்க?

— குப்பை. அழிச்சுடறேன். அஞ்சு நிமிஷத்துல உன் லாரிங்க நகரும்.

— திறங்க டெல்மர்.

— நீ பாக்கற விஷயம் இல்லம்மா.

— தள்ளுங்க, நானே பாக்கறேன். இது நம்ம பொம்பளைங்க குளிக்கற அறை. மேல, மூலையிலேர்ந்து. இது ட்ரூடி. தூசி போகக் குளிச்சிட்டு வர்றா. இதுல... அந்தப் பச்சைத் துண்டு என்னோடது.

— சீ. இனிமே வெண்டல் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நகரு, யார் கண்ணுலயும் படாம அழிச்சுடறேன். உன் மானத்துக்காகத்தான் சொல்றேன்.

— என் மானத்தை நான் பாத்துக்கறேன். மவுஸ்லேர்ந்து கையை எடுங்க.

— பதினோரு லாரி நிக்குது...

— அந்த ரேடியோவைக் குடுங்க. மார்லிஸ் பேசறேன், எல்லாருக்கும். எடைமேடை இன்னைக்கு மூடியாச்சு. அடுத்த ஊர் எலிவேட்டர் தானியக் கிடங்குக்குப் போயிடுங்க. இல்ல ரஸ், மழை வரும்னு எனக்கும் தெரியும். போங்க.

— வெண்டல் உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவான்.

— தூக்கட்டும். ஒம்பது வருஷம் அந்த ஆளோட ஒரே ஜக்கு காபி குடிச்சிருக்கேன். நல்ல தண்ணி விட்டு வாய் கொப்பளிக்கணும்போல இருக்கு. ஹலோ, போலீஸா? எலிவேட்டர் கிடங்குலேர்ந்து பேசறேன், எடைமேடை ஆபீஸ். குளியலறையில கேமரா வச்சிருக்காங்க. ஆமா, கம்ப்யூட்டர் முன்னாடிதான் நிக்கறேன். யாரையும் தொட விட மாட்டேன். இருபது நிமிஷமா? சரி.

— போலீஸெல்லாம் எதுக்கு? நான் வெண்டலைத் தனியாப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கறேன். சின்ன ஊரு மார்லிஸ், பேரு நாறிடும்.

— யார் பேரு?

— உங்க பேருதான். உன் பேரு, ட்ரூடி பேரு.

— நாங்க குளிச்சோம். அதுல நாற என்ன இருக்கு? எப்பலேர்ந்து நடக்குதுன்னு போலீஸ் கேட்டாங்க. தேதிவாரியா அடுக்கியாச்சு. முதல் வீடியோ இதுதான், போன வருஷம் மே மாசம்.

— அதைத் திறக்காத.

— திறந்தாச்சு. ஏணி தெரியுது. ஒரு கை துணியால லென்ஸைத் துடைக்குது. கை விலகுது. டெல்மர், இது நீ.